கை கொடுத்த மருத்துவர் பால் பிராண்டு

ஆனி பிறந்து செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் விழும். தென்காசிச் சாலைகளில் வெளியூர் வண்டிகளின் வரிசை நீளும். பேரருவியின் அடியில் நுழைபவர் எவராயினும் முதலில் செய்வது ஒன்றே. கைக்கு எட்டும் இரும்புக் கம்பியை இறுகப் பற்றிக்கொள்வர். மேலிருந்து விழும் நீர் தலையையும் தோளையும் அமுக்க, பாறையில் கால் வழுக்க, உடலைத் தாங்கி நிறுத்துவது அந்தப் பிடிதான். குளிக்க வருவோர்க்கு எண்ணெய் தேய்த்துவிடக் காத்திருக்கும் தொழிலாளர்க்கோ உள்ளங்கையும் பெருவிரலுமே முதல். சற்று வடக்கே கடையநல்லூர்ப் பக்கம் சென்றால் தறியில் ஓடும் கைகளைக் காணலாம். தென்காசியைச் சூழ்ந்த ஊர்களிலோ திண்ணைதோறும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகின்றனர். இலையை அளவாக நறுக்கி, தூளை இட்டு, உருட்டி, முனையை மடக்கி, நூலால் கட்டும் அவர்தம் விரல்களின் வேகத்தைக் கண் பின்தொடர இயலாது. கையை நம்பி வாழும் சீமை நம்முடையது எனின் மிகையன்று.

அதே குற்றாலத்தில், நம் இளமைக் காலத்துச் சாரல் நாள்களில், அருவிக்குச் செல்லும் வழியோரம் வேறு சில கைகளையும் நாம் கண்டதுண்டு. விரல்கள் கொக்கிபோல் மடங்கியும், சில விரல்கள் பாதியாய்க் குறைந்தும், சிலருக்கு அடிக்கட்டை மட்டுமே எஞ்சியும் இருந்த கைகள் அவை. தகரத் தட்டில் காசைத் தாழ்ந்து இடாமல் உயர நின்றே போட்டுவிட்டு நகர்ந்தோம். தொழுநோய் வந்தால் சதை அழுகும், விரல் தானாக உதிரும் என்பதே பெரியவர்கள் நமக்குச் சொல்லி வைத்தது. அவர்களை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 1940களின் இடைப்பகுதி வரையில் உலகின் பெரும் மருத்துவர்களிலும் பலர் அவ்வாறே எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியவர் ஒருவர். பொய்யாக்கிய இடமும் நம் தமிழ்நாடே. அன்னாரின் வாழ்வையே இங்கு எழுத முற்படுகிறோம்.

பால் வில்சன் பிராண்டு 1914ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் கொல்லிமலையில் பிறந்தார். அம்மலை இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்தது. தந்தை ஜெஸ்ஸி பிராண்டும் தாய் ஈவ்லினும் இங்கிலாந்திலிருந்து சமயப்பணிக்கென வந்தவர்கள். ஆயினும் மலையேறிய பின்னர் அவர்கள் செய்த பணியின் பெரும்பகுதி காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதும், பல் பிடுங்குவதும், வீடு கட்டுவதும், பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதுமாகவே இருந்தது. சிறுவன் பால் மலைப்பிள்ளைகளோடு தமிழ் பேசி வளர்ந்தான். மரக்கிளையில் அமர்ந்துதான் பாடம் எழுதுவான். எழுதி முடித்த தாளைக் கீழே நிற்கும் தாயிடம் நழுவவிடுவான். அக்காலத்து நினைவொன்று அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. ஒருநாள் அயலார் சிலர் தந்தையை நாடி வந்தனர். மற்ற நோயாளிகளிடம் தயங்காமல் நெருங்கும் தந்தை, அன்று பிள்ளைகளை அப்பால் போகச் சொல்லிவிட்டுக் கையுறை அணிந்து அவர்தம் புண்களுக்குக் கட்டுப் போட்டார். வந்தவர்கள் விட்டுச் சென்ற கூடையும் எரிக்கப்பட்டது. அவர்கள் தொழுநோயாளிகள். அச்சம் என்பது எப்படிக் கற்பிக்கப்படுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

1923இல், ஒன்பதாம் வயதில், கல்விக்கென அவர் இங்கிலாந்து அனுப்பப்பட்டார். தந்தையை மீண்டும் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. 1929இல் ஜெஸ்ஸி பிராண்டு மலைக்காய்ச்சல் முற்றி மறைந்தார். தந்தி கடல் கடந்து விரைவில் சேர்ந்துவிட்டது. ஆனால் அவர் முன்னரே எழுதி அஞ்சலில் சேர்த்திருந்த மடல்கள் கப்பலில் மெல்ல வந்துகொண்டிருந்தன. இறந்த தந்தையின் கையெழுத்தில் கொல்லிமலையின் மரங்களையும் பறவைகளையும் பற்றிய செய்திகளை அந்த மகன் வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தான். தாய் ஈவ்லினோ சிறிது காலத்துக்குப் பின் மீண்டும் மலைக்கே வந்து சேர்ந்தார். 1974இல் தம் 95ஆம் வயதில் மறையும் வரையில் மலைநாட்டையே தம் ஊராகக் கொண்டிருந்தார் அம்மூதாட்டி. அவர் வரலாறு தனியே எழுதத் தக்கது.

மருத்துவம் படிக்க வாய்ப்பு வந்தபோது பால் மறுத்துவிட்டார் என்பது வியப்பூட்டும் செய்தி. புண்ணும் சீழும் குருதியும் அவருக்கு அருவருப்பைத் தந்தன. எனவே கட்டடத் தொழில் பயிலச் சென்றார். ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தச்சு வேலையும் கல் வேலையும் கற்றார். உளியைப் பிடிக்கும் பாங்கும், மரத்தின் இழையோட்டம் அறிந்து இழைக்கும் பொறுமையும், ஒரு விட்டம் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்னும் கணக்கும் அக்காலத்தில் கைவந்தவை. வீணாய்ப் போன ஐந்தாண்டுகள் என்று அன்று உற்றார் சிலர் எண்ணியிருக்கக்கூடும். பின்னாளில் அவர் அறுவைக் கூடத்தில் செய்ததையெல்லாம் நோக்கும்போது, அவர் பெற்ற முதல் மருத்துவக் கல்வி அதுவே என்று கூறத் தோன்றுகிறது. சமயப்பணிக்குச் செல்வோர்க்கான குறுகிய மருத்துவப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தபோது, குருதியிழந்து வெளிறிக் கிடந்த பெண்ணொருத்திக்கு வேறொருவர் குருதியை ஏற்ற, அவள் கன்னத்தில் நிறம் ஊறி விழி திறந்ததைக் கண்டார். அன்றுதான் அவர் மனம் மாறியது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் பயின்றார். உடன் பயின்ற மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். இரண்டாம் உலகப் போரில் செருமானியர் இலண்டன்மீது குண்டு பொழிந்த இரவுகளில் சிதைந்த உடல்களைத் தைத்துத் தைத்தே அறுவைத் தொழிலில் தேர்ந்தார்.

1946 இறுதியில் அவர் வேலூர் வந்தார். ஐடா ஸ்கடர் அம்மையார் தோற்றுவித்த கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் கற்பிக்க ஆள் தேவைப்பட்டது. அவரை வற்புறுத்தி அழைத்தவர் தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற இராபர்ட் காக்ரேன். மார்கரெட்டும் மக்களும் 1947இல் வந்து சேர்ந்தனர். மார்கரெட் கண்மருத்துவத்தில் இறங்கி, தொழுநோய் கண்ணைத் தாக்கும் முறையை ஆராய்ந்து பெரும்புகழ் எய்தினார்.

செங்கல்பட்டை அடுத்திருந்த தொழுநோய் மருத்துவமனைக்குக் காக்ரேன் ஒருநாள் பிராண்டை அழைத்துச் சென்றார். தோலில் தோன்றும் படைகளையும் நிறமாற்றங்களையும் அவர் விளக்கிக்கொண்டே போக, பிராண்டின் கண்களோ கைகளையே நோக்கின. வணங்குவதற்காகக் குவிந்த கைகள் அவை; ஆனால் அவற்றுள் குவிய இயன்றவை சில. எலும்பும் மூட்டும் பார்க்கும் மருத்துவர் எவரேனும் இவற்றை ஆராய்ந்ததுண்டா என்று கேட்டார். இல்லை என்றே விடை வந்தது. உலகெங்கும் ஒரு கோடிப் பேர்க்கு மேல் இந்நோயால் துன்புறுவதாக மதிப்பிடப்பட்ட காலம் அது. அத்தனை பேர் கைகளையும் அறுவை மருத்துவம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அருகில் நின்ற ஓர் இளைஞரின் மடங்கிய விரல்களுக்குள் பிராண்டு தம் கையை நுழைத்து, இயன்றவரை அழுத்தச் சொன்னார். மெலிந்த பிடியை எதிர்பார்த்தவருக்கு வலியால் கத்த வேண்டியதாயிற்று. விரல் நகங்கள் அவர் சதையில் பதிந்தன. பயனற்றதென ஒதுக்கப்பட்ட அந்தக் கைக்குள் வலிய தசை ஒன்று உயிரோடு இருக்கிறது! அந்த ஒரு கைகுலுக்கலிலிருந்தே அவர் வாழ்வின் போக்கு மாறியது.

தசை வலிமையாக இருந்தும் விரல் ஏன் மடங்கிக் கிடக்கிறது? இதனை அறிய நம் பீடி சுற்றும் பெண்களின் கைகளையே நோக்கலாம். விரலை மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே, முன்கையில் உள்ளன. அவற்றிலிருந்து புறப்படும் தசைநாண்கள் கயிறுகள் போல மணிக்கட்டைக் கடந்து விரல்களைச் சேர்கின்றன. கையை இறுக்கி மூடினால் மணிக்கட்டில் அந்தக் கயிறுகள் புடைப்பதை எவரும் காணலாம். அருவிக் கம்பியைப் பற்றுவதற்கு அவை போதும். ஆனால் இலையை நசுக்காமல் உருட்டவும், பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சந்திக்கவும், விரலின் அடிக்கணு மடங்கியிருக்க நுனிக்கணுக்கள் நீண்டிருக்கவும், உள்ளங்கைக்குள்ளேயே இருக்கும் சிறுசிறு தசைகள் வேண்டும். பெரிய தசைகளை நெறிப்படுத்துபவை இச்சிறு தசைகளே. இவை செயலிழந்தால் பெரியவற்றின் இழுப்பு தடையின்றிப் போய், விரல்கள் கொக்கியாகிவிடும். பிடி இருக்கும்; நுட்பம் இருக்காது. சோற்றை அள்ளிய விரல்கள் வாய்க்குக் கொண்டுவருமுன் சிந்திவிடும்.

சிறு தசைகள் மட்டும் ஏன் செயலிழக்கின்றன என்பது அடுத்த கேள்வி. செங்கல்பட்டில் நோயாளி ஒருவர் இறந்த செய்தி எட்டியதும், பிராண்டும் துணைவரும் வேலூரிலிருந்து இரவோடிரவாக வண்டியில் விரைந்தனர். உரிய இசைவு பெற்று, விளக்கொளியில் விடியும் வரையில் அவ்வுடலின் நரம்புகளைத் தோளிலிருந்து விரல்வரை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தனர். காலைக் கதிரொளியில் சற்று எட்டி நின்று நோக்கியபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. நரம்பு எல்லா இடத்திலும் வீங்கியிருக்கவில்லை. முழங்கைக்குச் சற்று மேலே, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, முழங்காலருகே என, தோலுக்கு மிக அண்மையில் அது ஓடும் இடங்களில் மட்டுமே வீங்கிப் பருத்திருந்தது. முழங்கையின் உட்பக்கம் கதவில் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல் சுண்டுவிரல் வரை சுரீரென்கிறதே, அந்த நரம்புதான் அது. உடலின் உட்பகுதியைவிடக் குளிர்ந்த இடங்களையே நோய்க்கிருமி நாடுகிறது என்று பிராண்டு உய்த்துணர்ந்தார். பிற்கால ஆய்வுகளும் அதனை உறுதிசெய்தன. முன்கைத் தசைகளுக்கான கிளைகளிற் பல அவ்வீக்கத்துக்கு மேலேயே பிரிந்துவிடுகின்றன. ஆகையால் அத்தசைகள் தப்பிவிடுகின்றன. வீக்கத்துக்குக் கீழே பிரியும் கிளைகளை நம்பிய உள்ளங்கைத் தசைகள் மாய்கின்றன. எது கெடும், எது கெடாது என்பதை முன்கூட்டியே சொல்ல முடியும் என்றாகிவிட்டது. ஓர் அறுவை மருத்துவருக்கு இதைவிடப் பெரிய கொடை வேறென்ன வேண்டும்?

1948இல் முதல் அறுவைகள் தொடங்கின. தடைகள் எளியவையல்ல. தொழுநோயாளிக்குப் பொது மருத்துவமனையில் படுக்கை கொடுத்தால் பிற நோயாளிகள் வெளியேறிவிடுவர் என்ற அச்சம் ஒருபுறம். அந்தச் சதையில் கத்தி பட்டால் புண் ஆறாது என்ற நம்பிக்கை மறுபுறம். காக்ரேன் அறிமுகப்படுத்திய சல்போன் மருந்து அப்போதுதான் கிருமியைக் கட்டுப்படுத்தத் தொடங்கியிருந்தது. அதனால் நோய் நீங்கியும் கை திரும்பாத மனிதர்கள் முதன்முறையாகத் தோன்றியிருந்தனர். பிராண்டு மேற்கொண்டது தசைநாண் மாற்றும் முறை. அம்முறை அமெரிக்க மருத்துவர் ஸ்டெர்லிங் பன்னல் போன்றோரால் வேறு வகை வாதங்களுக்குப் பயன்பட்டு வந்தது. தொழுநோய்க் கைக்கு ஏற்ப அதனை ஆய்ந்து அமைத்தவர் பிராண்டு. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டிரண்டு நாண்கள் உள்ளன. ஒன்றைக் கடன் வாங்கினாலும் மற்றொன்று பணியைச் செய்யும். எனவே ஒரு விரலின் மேல்நாணை அதன் முனையில் அறுத்து, உள்ளங்கைக்கு இழுத்து, கீற்றுகளாகப் பிளந்து, மாய்ந்துபோன சிறு தசைகள் ஓடிய தடத்திலேயே செலுத்தி, விரல்களின் பக்கவாட்டில் தைத்தார். வேறொரு நாண் பெருவிரலுக்கு. பின்னாளில், மணிக்கட்டை உயர்த்தும் தசையொன்றைக் காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் நீட்டி, நான்காகப் பிரித்து நான்கு விரல்களுக்கும் இணைக்கும் முறையையும் கண்டார். அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

தைக்கும்போது நாணின் இறுக்கம் எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். இறுக்கினால் விரல் விறைக்கும். தளர்த்தினால் வேலை செய்யாது. தறியில் பாவு பூட்டுவோர் இதனை உடனே விளங்கிக்கொள்வர். தச்சரிடம் பயின்ற கைக்கு அந்த அளவு தெரிந்திருந்தது. விசைகளை அளந்து அவர் செய்த ஆய்வுகள் 1985இல் கையின் இயக்கவியல் பற்றிய பெருநூலாக வெளிவந்தன.

ஆனால் அறுவை முடிந்த இடத்தில் வேலை முடிந்துவிடவில்லை என்பதை மருத்துவரும் நோயாளியும் சேர்ந்தே கற்றுக்கொண்டனர். சுமார் மூன்று வாரம் கை மாவுக்கட்டில் கிடக்கும். கட்டைப் பிரித்ததும் விரல் தானாக நிமிர்ந்துவிடாது. நேற்றுவரை மோதிரவிரலை மடக்கிய தசை, இன்று நான்கு விரல்களையும் நெறிப்படுத்த வேண்டும். அதனை மூளைக்குக் கற்பிக்க வேண்டும். மோதிரவிரலை மடக்க நினைத்தால் வேறொன்று அசையும். அந்த வேறொன்றையே மீண்டும் மீண்டும் வரவழைக்க வேண்டும். உணர்வற்ற கையாதலால் கண்ணால் பார்த்தே கற்க வேண்டும். பந்தைப் பற்றுதல், சிறு கட்டைகளை எடுத்து வைத்தல், பின்னர் சோற்றுருண்டையைப் பிடித்தல் எனப் படிப்படியாக அப்பயிற்சி நடந்தது. நன்கு அறுத்துத் தைத்த கையும் பயிற்சியின்றிக் கெட்டதுண்டு. வேலூரில் அமைந்த கை ஆய்வுப் பிரிவில் உடற்பயிற்சி மருத்துவருக்கு அறுவை மருத்துவர்க்கு நிகரான இடம் இருந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் சொல்லவேண்டும். விரல் நிமிர்ந்து வெளியே சென்றவர்களிற் சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். நிமிர்ந்த கையை நீட்டினால் எவரும் காசு போடுவதில்லை. நோயின் வடு முகத்தில் தெரிவதால் எவரும் வேலையும் தருவதில்லை. இரவலர்க்குரிய கையையும் பறித்துவிட்டு வேறு வாழ்வும் தராத மருத்துவம் என்ன மருத்துவம்? குற்றாலத்து வழியோரத்தில் காசை உயர நின்று போட்ட நம்மைப் போன்றோரும் அந்த முறையீட்டில் ஒரு பங்குக்கு உரியவரே. பிராண்டு இதனைக் கேட்டுச் சினக்கவில்லை, வெட்கினார். 1951இல் கல்லூரி வளாகத்தையொட்டி நவஜீவ நிலையம் என்ற சிற்றூர் ஒன்று எழுந்தது. எளிய குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை. அறுவை முடிந்த இளைஞர்கள் அங்கே தங்கி மரப்பொம்மைகள் செய்து விற்கக் கற்றனர். உளியையும் இழைப்புளியையும் கற்றுக்கொடுத்தவர்களில் மருத்துவரும் ஒருவர். பழைய ஐந்தாண்டுத் தொழில் மீண்டும் கைகொடுத்தது.

அவருடைய மாபெரும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது அறுவை மேசையில் அன்று, இந்தப் பட்டறையில்தான். துருப்பிடித்த பூட்டொன்றைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்தான். வலிமையை வியந்து கையைப் பார்த்தவர் திடுக்கிட்டார். விரலின் தோலும் சதையும் கிழிந்து எலும்பு தெரிந்தது. சிறுவனோ அறியவே இல்லை. நாம் ஒரு சாவியைத் திருகும்போது வலி தொடங்கும் எல்லையில் நிறுத்திக்கொள்கிறோம். அவனுக்கு அந்த எல்லை இல்லை. அதன்பின் ஒவ்வொருவர் கையிலும் தோன்றும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடத் தொடங்கினார். நாள்தோறும் கைகளைப் பார்வையிட்டுக் குறித்தனர். சூடான பாத்திரம், சுத்தியலின் கைப்பிடி, விளக்கின் கண்ணாடி எனக் காரணங்கள் ஒன்றொன்றாக அகப்பட்டன. சிலருக்கோ இரவில் உறங்கி எழுந்தால் விரலின் ஒரு பகுதி காணாமற் போயிருந்தது. பழைய நம்பிக்கையின்படி இது உதிர்தல். ஒருவர் இரவு முழுதும் விழித்திருந்து பார்த்தார். எலி வந்து, உணர்வற்ற விரலைக் கடித்துத் தின்றது! மறுநாள் முதல் பூனைகள் வளர்க்கப்பட்டன. வீடு செல்லும் நோயாளிக்கு மருந்தோடு பூனையும் கொடுத்தனுப்பிய மருத்துவமனை உலகில் வேறெங்கும் இருந்திருக்காது.

கைப்பிடிகளைத் தடிப்பாக்கினர், அடுப்பங்கரைக்குக் கையுறை கொடுத்தனர், காலுக்கு மென்ரப்பர் செருப்பு. காயங்கள் குறைந்தன, விரல்கள் நிலைத்தன. தொழுநோயாளியின் சதை கெட்ட சதை அன்று. அதுவும் பிற சதை போலவே ஆறும். காக்கும் வலி இல்லாமையால் அது காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கிறது. இவ்வுண்மையை வேலூர் ஆய்வுகள் நிலைநாட்டின. பிறரெல்லாம் ஒழிக்க நினைக்கும் வலியை ஒரு கொடை என்று எழுதிப் பேசத் தொடங்கினார் பிராண்டு. அவர்க்கே நேர்ந்த ஒன்று இதற்கு உரமூட்டியது. வெளிநாட்டுப் பயணக் களைப்போடு இலண்டனில் ஓர் இரவு காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்தினார்; குருதி வந்தது, வலி வரவில்லை. தமக்கும் நோய் தொற்றிவிட்டதென்றே முடிவுசெய்து, மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டிய நாள்களை எண்ணி இரவெல்லாம் கண்மூடாது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்த, வலி சுருக்கென்று ஏறியது. நெடுநேரம் அசையாது அமர்ந்து வந்ததால் நரம்பு மரத்திருந்தது, அவ்வளவே. ஊசி குத்திய வலிக்காக இறைவனுக்கு நன்றி சொன்ன மனிதர் அவர். நோயாளியின் ஓர் இரவை அவர் முழுமையாக அறிந்தது அன்றுதான் என்பது நம் எண்ணம்.

அவரிடம் பயின்றோருள் மேரி வர்கீஸ் அம்மையாரைக் குறிப்பிடாமல் இருத்தல் தகாது. இளம் மருத்துவராயிருந்த அவர் 1954இல் நேர்ந்த வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். இனி மருத்துவப் பணி இல்லை என்று அவரே எண்ணியிருந்த வேளையில், கை அறுவைக்கு நிற்க வேண்டியதில்லையே, அமர்ந்தே செய்யலாமே என்று வழிகாட்டியவர் பிராண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவர் தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். நடக்க இயலாத மருத்துவர் தம் கையைத் திருத்துவதைக் கண்ட நோயாளிக்கு வேறு ஆறுதல்மொழி தேவைப்பட்டிருக்குமா? 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதன் தலைமைப் பொறுப்பு அவர்க்கே வாய்த்தது. 1972இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

பிராண்டு பெற்ற சிறப்புகள் பல. சுருக்கமாகச் சொல்லி நகர்வோம். 1952இல் இலண்டன் அறுவை மருத்துவர் கழகத்தில் தொழுநோய்க் கை பற்றிச் சிறப்புரை ஆற்றினார். 1960இல் லாஸ்கர் விருது கிட்டியது. 1961இல் பிரித்தானிய அரசு சி.பி.இ. பட்டம் வழங்கியது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் ஆய்வு மையத்தின் வளர்ச்சியிலும் அவர் பங்கு பெரிது. பல நாட்டு மருத்துவர்கள் வேலூருக்கும் கரிகிரிக்கும் வந்து கற்றுச் சென்றனர்.

1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே அவர் முனைந்த ஒரு முயற்சி தோல்வியுற்றது. வெற்றிகளைவிட அதுவே நம்மைப் பெரிதும் கவர்கிறது. வலி இல்லாத கைக்குச் செயற்கை வலி செய்து தர அவர் விரும்பினார். விரல்நுனிகளில் அழுத்தம் உணரும் கருவிகள் பொருத்திய கையுறை ஒன்றைப் பொறியாளர்கள் அமைத்தனர். அழுத்தம் மிகுந்தால் அது ஒலி எழுப்பும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரிய வைத்தனர், அதனையும் பொருட்படுத்தவில்லை. இறுதியில் உணர்வுள்ள வேறோர் உறுப்பில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தனர். கடினமான வேலை வந்ததும் நோயாளிகள் மின்சாரத்தை அணைத்துவிட்டு வேலையை முடித்தனர். பின்னர் மீண்டும் இயக்கிக்கொண்டனர்! அணைக்க முடியாமல் இருப்பதே வலியின் சிறப்பு என்று கண்டு, பல ஆண்டு உழைப்பைக் கைவிட்டார். ஆயினும் சிறு அழுத்தமும் ஓரிடத்தில் ஆயிரமுறை விழுந்தால் புண்ணாகும் என்று கார்வில்லில் நிறுவியது வீண்போகவில்லை. சர்க்கரை நோயால் உணர்விழந்த கால்களைக் காக்க இன்று உலகெங்கும் மேற்கொள்ளும் முறைகளிற் பல, தொழுநோயாளரிடமிருந்து அவர் கற்றவையே. வேலூரில் காற்புண்ணுக்குப் போட்ட மாவுக்கட்டு முறையும் அவரோடு கடல் கடந்து சென்றது. நம் தெருக்களில் சர்க்கரை நோயில்லாத வீடு அரிதாகிவிட்ட இந்நாளில், அந்தக் கடன் நம்மையும் வந்து சேர்கிறது.

1986இல் ஓய்வுபெற்ற பின்னரும் எழுதினார், பயணம் செய்தார், பலமுறை தமிழ்நாடு வந்தார். 2003 ஜூலை 8ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 89 வயது நிறையச் சில நாள்களே இருக்க, மறைந்தார்.

அவர் மறைந்தபின் 2005 இறுதியில், பொதுநலச் சிக்கல் என்னும் அளவுக்குக் கீழே தொழுநோய் குறைந்துவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆயினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரு லட்சம் புதிய நோயாளிகள் நம் நாட்டில் கண்டறியப்படுகின்றனர். உலகக் கணக்கில் பாதிக்கு மேல் இது. உணர்ச்சியற்ற வெளிறிய தேமல் ஒன்றுதான் பெரும்பாலும் முதற்குறி. வலிக்காததால் எவரும் அதனைக் காட்ட விரைவதில்லை. திருமணம் பேசும் பெண்ணுக்கு இருந்தால் காட்டவும் விடுவதில்லை. பீடி இலை நறுக்கும் கத்தரி விரலில் பட்டும் சுருக்கென்று தெரியவில்லை, அடுப்பில் இருந்த பாத்திரம் சுட்டும் உறைக்கவில்லை என்று வீட்டில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னால், அவர் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அண்மையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதிப்பார்கள், மருந்து இலவசம், ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் போதும். நரம்பு கெடுமுன் போய்விட்டால் தசைநாணை வெட்டி ஒட்டும் தேவையே எழாது.